நாலாவது வரிசையில் வெங்கடாசலம்

மனித குலம் பிறந்தது ஆப்பிரிக்க மண்ணில். ஆகவே அங்கே போவது பயணமே அல்ல, பல்லாயிரம் ஆண்டுகள் வெளியூரில் இருந்துவிட்டுத் தாய்வீடு திரும்புவது.

இது ஜெயபிரகாஷ் தயாரித்திருந்த முதல் ஸ்லைடு. இரண்டாவது ஸ்லைடு, தாய்வீட்டில் தயிர் கிடைக்குமா என்பதைப் பற்றியது.

மணியன் அந்த ஸ்லைடுகளை இந்தக் கோடையில் ஆறு தடவை பார்த்தாகிவிட்டது. ஏழாவது தடவை பார்ப்பதற்காகத்தான் இப்போது வெங்கடாசலத்தின் வீட்டு வாசலில் காரை நிறுத்தினான். ஆகஸ்ட் சனிக்கிழமை, காலை பதினோரு மணி. சுகர் லேண்ட் நகரத்து வெயில் தெருவை வறுத்துக்கொண்டிருந்தது. வாரம் முழுக்க ஃப்ரீவேயில் ஊர்ந்த அலுப்பு முதுகைவிட்டு இன்னும் இறங்கவில்லை. ஐந்து நிமிஷம் ஸ்டியரிங்கில் தலைவைத்துக் கிடந்தால் என்ன என்று தோன்றியது. அதற்குள் கண்ணாடியைத் தட்டினார்கள்.

தட்டியவர் ஜெயபிரகாஷ். ஒரு எண்ணெய்க் கம்பெனியில் வைஸ் பிரசிடென்ட். அந்தக் கம்பெனியில் வைஸ் பிரசிடென்ட் ஆகாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தப் பயணத்துக்குத் தனக்கு அவரே வைத்துக்கொண்ட பதவி 'எக்ஸ்பெடிஷன் லீட்'. காக்கித் தொப்பியும் எட்டு பாக்கெட் சட்டையுமாக வந்திருந்தார். பயணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி விஷாகா, வேறொரு காரில் வந்து இறங்கியவள். அவள் ஃபிசியோதெரபிஸ்ட். யார் நடந்து வந்தாலும் முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்பாள்.

இப்போதும் பார்த்தாள். மணியன் ஞாபகமாக நொண்டினான்.

வீட்டுக்காரன் வெங்கடாசலம் பிப்ரவரியில் போய்விட்டான். தனி ஆள். சோபாவில் உட்கார்ந்தபடியே, மடியில் பைனாகுலரோடு. மற்றவர்களுக்குத் தெரிவதற்குள் மூன்று நாள் ஆகியிருந்தது. வீடு விற்கிறவரை பார்த்துக்கொள்ளச் சொல்லி, கோயம்புத்தூரில் இருக்கும் அவன் தம்பி, சாவியை ஜெயபிரகாஷிடம் ஒப்படைத்திருந்தார். சஃபாரி மொத்தமும் வெங்கடாசலத்தின் யோசனை. போட்ஸ்வானாவில், கலஹாரியின் ஓரத்தில், பக்கத்து ஊரிலிருந்து மணலில் ஏழு மணி நேரம் ஜீப்பில் போகவேண்டிய ஒரு வறண்ட காடு. தண்ணீர் கிடையாது, சிக்னல் கிடையாது, கறுத்த பிடரி வைத்த சிங்கம் உண்டு. நாலு பேருக்குக் குறைந்தால் அங்கே முகாமையே திறக்க மாட்டார்கள். நாலு வருஷமாக அவன் திட்டம் போட்டான். எந்த மாதம் போனால் குட்டை ஓரத்தில் மிருகங்கள் சேரும், எந்த நிறச் சட்டைக்கு ஈ மொய்க்கும், யாருக்கு என்ன மாத்திரை, எல்லாவற்றையும் ஒரு ஆன்லைன் ஷீட்டில் எழுதி மற்ற மூவருக்கும் ஷேர் பண்ணியிருந்தான். எழுதினவன் தன் பெயரை நாலாவது வரிசையில், கடைசியாகப் போட்டிருந்தான்.

போன அக்டோபரில் எல்லாம் தயார். கிளம்பப் பதினோரு நாள் இருக்கும்போது மணியன் குரூப்பில் ஒரு செய்தி போட்டான். வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது, டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். நாலு மூன்றானது, பயணம் நின்றது. வெங்கடாசலம் ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. "உடம்புதான் முக்கியம் மணி. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று எழுதினான். அடுத்த வருஷத்தில் அவனுக்கு வாய்த்தது ஆறு வாரம்.

அதிலிருந்து மணியனுக்குத் தூக்கம் சரியில்லை. அந்தச் சிங்கத்தை வெங்கடாசலத்துக்குப் பதிலாகத் தான் ஒரு தடவை பார்த்துவிட்டால் மனசு அடங்கும் என்று நம்பினான். அதுவரை யாரும் முழங்காலைப் பற்றிப் பேசாமல் இருந்தால் போதும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

கதவைத் திறக்கப் போன கணவனை விஷாகா தடுத்தாள்.

"மூணு பேரா நல்ல காரியம் ஆரம்பிக்கக்கூடாதுங்க."

ஜெயபிரகாஷ் அறிவியல், பகுத்தறிவு, டேட்டா ஆகியவற்றைப் பற்றிச் சிறிது நேரம் பேசினார். பிறகு, "மணி, ஒரு கல்லை எடு" என்றார்.

சொந்த ஊர் வழக்கம் அது. மூன்று பேராகக் கிளம்ப நேர்ந்தால் ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாகக் கூட வைத்துக்கொள்வது, காரியம் முடிந்ததும் அதை வெளியே போட்டுவிடுவது. மணியன் சுற்றிப் பார்த்தான். புல்வெளி, சிமெண்ட், தபால் பெட்டி. கல் என்று இருந்தது கதவோரச் செடிப் பாத்தியில் மட்டும்தான். வெங்கடாசலம் தன் கையால் பரப்பிவைத்த உருண்டைக் கற்கள். ஒன்றை எடுத்தான். வெயிலில் கிடந்து நன்றாகச் சூடாகியிருந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஆட்களை எண்ணிய விஷாகா கடைசியில் கல்லைத் தொட்டாள். "நாலு. உள்ள வாங்க."

உள்ளே இருட்டு. வெயிலுக்குப் பயந்து வெங்கடாசலம் மாட்டிவைத்த கனத்த திரைகள் எல்லா ஜன்னலிலும் மூடிக் கிடந்தன. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஆளில்லாத வீட்டுக்குத் தேவையில்லாத குளிரில். சமையலறைப் பக்கமிருந்து கொசுவிரட்டித் தைலத்தின் வாசனை மெல்ல வந்தது. சஃபாரிக்கென்று அவன் டஜன் கணக்கில் வாங்கிவைத்தது. மூடி திறக்காத பாட்டில்கள் மேடையில் வரிசையாக நின்றன.

அப்படித்தான் மணியன் நினைத்தான். கடைசி பாட்டிலுக்கு மட்டும் மூடி இல்லை.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு நாற்காலி. மூவரும் உட்கார்ந்தார்கள். கல்லை விஷாகா நாலாவது நாற்காலியில் வைத்தாள். ஜெயபிரகாஷ் லேப்டாப்பைச் சுவர் டிவியோடு இணைத்து ஷீட்டைப் போட்டார். நாலாவது வரிசையில் பெயர் அப்படியே இருந்தது. அழிக்க யாருக்கும் கை வரவில்லை. இப்போதாவது எடுத்துவிடலாமா என்று மணியன் மெதுவாகக் கேட்டான்.

"இருக்கட்டும்" என்றார் ஜெயபிரகாஷ். "நாலு பேர் இருந்தாத்தான் கேம்ப் திறப்பான். திறந்தப்புறம் கடைசி நேரத்துல ஒருத்தர் வரலைன்னு சொல்லிக்கலாம். போன தடவை நாம சொல்லலையா?"

சொல்லிவிட்டு அவர் மணியனின் முழங்காலைப் பார்த்தார். விஷாகாவும் பார்த்தாள். மணியன் அதைத் தடவிக்கொடுத்தான்.

அந்த ஷீட்டை யார் யார் திறந்திருக்கிறார்கள் என்று மேல் ஓரத்தில் சின்ன வட்டங்கள் காட்டும். ஜெயபிரகாஷுக்கு ஒன்று, விஷாகாவுக்கு ஒன்று, மணியனின் போனுக்கு ஒன்று. பெயர் சொல்லாமல் திறப்பவர்களுக்கு அது தானாகவே ஒரு மிருகத்தின் பெயரைச் சூட்டும்.

நாலாவதாக ஒரு வட்டம் இருந்தது. கழுதைப்புலி.

"யாருங்க அது?" என்றாள் விஷாகா.

ஜெயபிரகாஷ் சிரித்து, நாலு வருஷப் பிளானிங்கில் கண்ணில் பட்ட முதல் மிருகம் இதுதான் என்றார். பிறகு தன் பழைய போனாக இருக்கும் என்றார். பழைய போன் அவர் சட்டையின் ஆறாவது பாக்கெட்டில், சார்ஜ் இல்லாமல் இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டார்.

டிவியில் ஒரு கட்டம் ஊதா நிறத்தில் ஒளிர்ந்தது. நாலாவது வரிசை. 'பேக்கிங் முடிந்ததா' என்ற பத்தி.

அதில் ஒரு டிக் விழுந்தது.

விஷாகா கையை நீட்டிக் கல்லைத் தொட்டுவிட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் சூடா இருக்கு மணியண்ணா."

அரை மணி நேரமாக அந்தக் குளிரில் கிடந்த கல். மணியன் தொட்டுப் பார்த்தான். வெயிலின் சூடு இல்லை அது. கைகுலுக்கும்போது எதிராளியின் உள்ளங்கையில் இருக்குமே, அந்தச் சூடு.

அந்த நேரம் பார்த்து வீடியோ கால் வந்தது. முகாமை நடத்தும் நேலோ என்ற பெண்மணி, அங்கே இருந்த ஒரே சாட்டிலைட் இணைப்பில். அங்கே மாலை ஆறரை மணி. அவள் முதுகுக்குப் பின்னால் செம்மண்ணும் முள்மரமும் மங்கிக்கொண்டிருந்தன. எட்டு மாதமாக மழை இல்லை, குட்டையில் ஒரு சாண் தண்ணீர்தான் பாக்கி, ஆனால் சிங்கங்கள் தினமும் வருகின்றன என்று அலுப்போடு சொன்னாள். நாலு பேரும் ஒன்றாக வந்து உட்கார்ந்ததில் சந்தோஷம் என்றாள்.

ஜெயபிரகாஷ் தொண்டையைச் செருமி, மூன்று பேர்தான் என்று சொல்லப் பார்த்தார். அதற்குள் அவள் கூடாரங்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒன்றாம் கூடாரம், தம்பதிகள். இரண்டாம் கூடாரம், மிஸ்டர் மணியன், மிஸ்டர் வெங்கடாசலம். மிஸ்டர் வெங்கடாசலத்தின் ஃபார்ம் நேற்றே வந்து சேர்ந்தது, இவ்வளவு கவனமாக யாரும் எழுதியதில்லை என்றாள். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேமராவுக்கு அருகில் வந்தாள்.

"மிஸ்டர் மணியனுக்குப் பின்னால் நிற்பவர் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வரலாமா? முகம் தெரியவில்லை."

மணியனுக்குப் பின்னால் திரைச்சீலை மட்டும்தான்.

அவன் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை.

வெளியே வானம் எப்போது கறுத்ததோ தெரியாது. ஒரே ஒரு இடி. டிவி அணைந்தது. ஏசியின் உறுமல் அடங்கியது. அத்தனை நேரம் அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறு சத்தங்கள் இருந்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது.

யாரோ நிதானமாக மூச்சு விட்டார்கள்.

தைல வாசனை குபீரென்று நெருங்கி வந்தது, பூசிக்கொண்ட ஆள் பக்கத்தில் வந்து நின்றதுபோல.

நாலாவது நாற்காலி தரையில் உராய்ந்து பின்னால் நகர்ந்தது.

பிறகு இரண்டு தடவை மெல்லச் செருமும் ஒலி. வெங்கடாசலத்தை அறிந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஒருவரிடம் சங்கடமான ஒன்றைக் கேட்பதற்கு முன்னால் அவன் அப்படித்தான் செருமுவான்.

"மணி…"

அது ஜெயபிரகாஷின் குரல் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததில் கௌரவம் எதுவும் இல்லை. எக்ஸ்பெடிஷன் லீட் மனைவியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். மனைவி அவர் பாக்கெட் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். ஆனால் அவர்கள் கதவை அடைந்தபோது மணியன் ஏற்கெனவே வெளியே இருந்தான். வாசலின் மூன்று படிகளையும் பாத்தியையும் ஒரே தாண்டாகத் தாண்டி, கொட்டுகிற மழையில் தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கதவு அவர்களுக்குப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. அறையவில்லை. விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டுச் சாத்துகிற மாதிரி.

மூவரும் நனைந்தபடி நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஜெயபிரகாஷ், வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைப் பற்றி ஏதோ சொன்னார். யாரும் கேட்கவில்லை. தொப்பி உள்ளே விழுந்துவிட்டதால் அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

விஷாகாதான் முதலில் சொன்னாள். "கல்லு உள்ள இருக்கு."

அதை வெளியே போடாதவரை காரியம் முடியாது. நாலாவது ஆள் நாலாவது ஆளாகவே இருப்பார். மூவருக்கும் அது தெரிந்திருந்தது, பகுத்தறிவாளர் உட்பட. அவர் கதவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தன் பொறுப்பை ஒரு நொடி யோசித்தார்.

"மணி, நீ போய் எடுத்துட்டு வந்துடேன். உனக்குத்தான் அவன் க்ளோஸ்."

மணியன் மழைநீரை முகத்திலிருந்து வழித்தான். ஒரு வருஷமாகப் பழகிய வாய் தானாகத் திறந்தது.

"எனக்கு இந்த முழங்கால் வேற…"

விஷாகா அவன் காலைப் பார்த்தாள். பிறகு மூன்று படிகளையும் பாத்தியின் அகலத்தையும் பார்த்தாள். பிறகு மறுபடியும் காலை. இருபது வருஷமாக முழங்கால்களோடு பழகியவள் அவள்.

"எந்தக் கால், மணியண்ணா?"

அவன் பதில் சொல்வதற்குள் மூன்று போன்களும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. முகாமிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. லைன் அறுந்துபோனதற்கு வருத்தம். ஆனால் மிஸ்டர் வெங்கடாசலம் பிறகு பேசி எல்லாவற்றையும் உறுதி செய்துவிட்டார். நாலு பேர், இரண்டு கூடாரம், இனி மாற்றமில்லை. ஷீட்டில் அவர் செய்த கடைசித் திருத்தத்தையும் குறித்துக்கொண்டோம்.

மணியன் ஷீட்டைத் திறந்தான். மழைத்துளிகளுக்கு அடியில் மேல் ஓரத்து வட்டம் இன்னும் இருந்தது. கழுதைப்புலியின் ஊதாக் கட்டம் நாலாவது வரிசையைவிட்டு நகர்ந்து மூன்றாவது வரிசைக்கு, அவன் வரிசைக்கு வந்திருந்தது. 'உடல்நலக் குறைபாடுகள்' என்ற பத்தி. அதில் அவனே போன அக்டோபரில் எழுதிய வாக்கியம் ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, பின்னாலிருந்து அழிந்துகொண்டிருந்தது. முழுதும் அழிந்தபின் கட்டம் சற்று நேரம் காலியாகத் துடித்தது. பிறகு ஒரே ஒரு சொல் விழுந்தது.

'இல்லை.'

விஷாகா தன் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். ஜெயபிரகாஷும் தூக்கினார். மணியன் தபால் பெட்டியைப் பிடித்தபடி இரண்டு காலிலும் சரிசமமாக ஊன்றி நின்றான்.

அவன் முழங்காலில் எப்போதும் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. போன வருஷம் அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.