ஒரே இயர்போனில் ஒரு வகுப்பு

"எந்திரிங்க... அது நான் சொல்லி வச்ச சிஸ்டம்!"

ஆடிச் சாரலில் பாதி நனைந்து, குடையை மடக்கக்கூட நேரமில்லாமல் உள்ளே வந்த மாரீஸ்வரி, மூன்றாம் எண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவனிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். ஒரு வணக்கம் கிடையாது. ஒரு சிரிப்பு கிடையாது. ஓடைப்பட்டி அழகர் மகளுக்கு அதெல்லாம் தெரிந்தவர்களிடம் மட்டும்தான்.

அவன் மெதுவாகத் திரும்பினான்.

கண்கள்... அகலமான, தூக்கம் போதாத கண்கள். அந்தச் சோர்வுக்குள்ளும் ஒரு குறும்பு உட்கார்ந்துகொண்டு இவளை மேலும் கீழும் பார்த்தது. சட்டையில் செம்மண். பக்கத்தில் போனால் ஏலக்காய் வாசனை.

"நானும் சொல்லி வச்சிருக்கேன். ஆறு மணிக்கு மாதிரி வகுப்பு. விஜய்பாண்டின்னு பேரு இருக்கும், நோட்டுல பாருங்க."

"என் பேரும் இருக்கும், ஓடைப்பட்டி மாரீஸ்வரின்னு. அதையும் பாருங்க!"

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பேச்சிமுத்து அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு பேருந்தான் சொல்லி வச்சீக. மழைக்குக் கரண்டு போகும்னு நான் கனவா கண்டேன்? யூ.பி.எஸ்.ல ஒரே ஒரு சிஸ்டந்தான் ஓடும். இந்தா இன்னொரு நாற்காலி. ஸ்பீக்கரும் ஓடாது... இயர்போன்ல ஆளுக்கு ஒரு காது வச்சுக்கங்க. பாடந்தான... ரெண்டு பேரு கேட்டாக் கொறஞ்சா போகும்?"

'தலையெழுத்து' என்று முணுமுணுத்துக்கொண்டே மாரீஸ்வரி உட்கார்ந்தாள். நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டாள். இயர்போன் வயர் எட்டவில்லை. அரை முழம் கிட்டே இழுத்தாள். அப்போதும் எட்டவில்லை. அவன் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே... அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

உண்மையில் அவள் இந்த வகுப்பைப் படிக்க வரவில்லை. குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறாள்!

பி.எஸ்ஸி. கணக்கில் கல்லூரிக்கே முதலாவதாக வந்தவள். மதுரையில் எம்.சி.ஏ. சீட் கிடைத்து, கடிதம் பீரோவுக்குள் பட்டுச்சேலைக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. வருகிற திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் சீட் வேறு ஆளுக்குப் போய்விடும். அப்பா அழகருக்கோ மகளை ஹாஸ்டலில் விட மனசில்லை. யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள்... 'இப்பல்லாம் காலேஜே வீட்டுக்கு வருதாம்ல, நெட்ல!'

"ஒரே ஒரு வகுப்பு உக்காந்து பாரு ஆத்தா. புடிக்கலைன்னா மதுரைக்குப் போ. அப்பன் வாக்கு மாற மாட்டேன்."

அதற்காகத்தான் வந்திருக்கிறாள். பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், திங்கட்கிழமை பெட்டியோடு கிளம்புவாள். எல்லாம் முடிவாகிவிட்ட விஷயம்.

"நீங்க என்ன படிக்கப் போறீக?" வகுப்பு தொடங்கும்வரை சும்மா இருக்க முடியாமல் கேட்டாள்.

"பி.காம்."

"என்ன வேல பாக்குறீக?"

"ஜீப்பு டிரைவர். விடியக்காலம் இங்கன ஆள் ஏத்திக்கிட்டுக் கம்பம்மெட்டு வழியா மலை மேல ஏலத்தோட்டத்துக்கு. சாயங்காலம் இறக்கிக்கிட்டு வந்துருவேன்."

"ஜீப்பு ஓட்ட எதுக்கு பி.காம்?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகத்தில் குறும்பு அணைந்தது. ஆனால் தலை கொஞ்சமும் குனியவில்லை.

"ஜீப்பு ஓட்டுறதுக்கு இல்லங்க. எனக்கு."

அவ்வளவுதான் சொன்னான். திரையில் வெள்ளைத்தாடிப் பேராசிரியர் ஒருவர் தோன்றி, புதிதாகச் சேர இருப்பவர்கள் எல்லோருக்குமான பொதுக் கணக்குப் பாடத்தை ஆரம்பித்தார்.

'ஒரு தொட்டி. முதல் மோட்டார் ஆறு மணி நேரத்தில் நிரப்பும். இரண்டாவது நான்கு மணி நேரத்தில். கீழே ஒரு குழாய், நிறைந்த தொட்டியைப் பன்னிரண்டு மணி நேரத்தில் காலி செய்யும். காலை எட்டு மணிக்கு மூன்றையும் திறந்தால் தொட்டி எப்போது நிரம்பும்?'

விஜய்பாண்டி யோசிக்கவே இல்லை. இரண்டு விரலால் தட்டினான்.

'எங்கள் பக்கம் இந்த வாரம் த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி பத்து மணிக்குத்தான். காலை எட்டுக்கு மோட்டாரே ஓடாது சார்.'

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்த ஊரில் இருந்து யார் யாரோ சிரிக்கும் குறிகள் திரையில் வரிசையாக விழுந்தன. மாரீஸ்வரிக்கு அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்... குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஏனென்றால் அவள் மனசிலும் முதலில் வந்தது அதே த்ரீ பேஸ்தான்! திராட்சைத் தோட்டத்துக்கு மோட்டார் போடுகிற வீட்டுப் பிள்ளைக்கு வேறு எது முதலில் தோன்றும்?

"பதினொரு மணிங்க. மூணு மணி நேரம். எழுதுங்க," என்றாள், சிரிப்பின் மிச்சத்தோடு.

அவன் எழுதினான். 'அற்புதம் விஜய்பாண்டி! இவ்வளவு விரைவாக யாரும் சொன்னதில்லை' என்றார் பேராசிரியர்.

மறுபடி இரண்டு விரல். இந்த முறை ரொம்ப வேகமாக.

'விடை என்னுடையது இல்லை சார். பக்கத்தில் இருக்கும் ஓடைப்பட்டி மாரீஸ்வரி சொன்னது. பாராட்டு அவங்களுக்கு.'

அவள் சிரிப்பு நின்றது. ஒரே வயரின் இந்த முனையில் அவள், அந்த முனையில் அவன். வெளியே சாரல் கண்ணாடியில் கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கல்லூரியில் இவளுடைய விடைகளை எத்தனை பேர் தங்களுடையதாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள்! இந்த மனிதருக்கு அது தேவையில்லை. ஓசியில் வந்த ஒரு பாராட்டைக்கூட வைத்துக்கொள்ளாத ரோஷம்... அவளுக்கு அந்த ரோஷம் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

"எதுக்கு சொன்னீக?" குரல் ஏன் இப்படி இறங்கிப்போனது?

"ஒங்களோடதுல்ல... அதான்."

வகுப்பு முடிந்தபோது அவளுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, குறை சொல்ல ஒன்றுமே இல்லை, பாடம் நன்றாகவே இருந்தது. இரண்டாவதை அவள் தனக்குள்கூட வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போனவள், "அப்பா... நான் நெட்லயே படிக்கிறேன்," என்றாள். அழகர் வாயெல்லாம் பல்.

இரண்டு நாள் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காது... அப்பாவுக்குத் தோட்டத்தில் ஆள் வேண்டும்... பேராசிரியர் நல்லவர்... ஒவ்வொரு காரணத்துக்குப் பின்னாலும் ஒரு ஏலக்காய் வாசனை வந்துகொண்டிருந்ததை மட்டும் கவனிக்காத மாதிரி இருந்தாள். கள்ளி!

சனிக்கிழமை சாயங்காலம் விண்ணப்பம் நிரப்பப் போனாள். ஜீப் இறங்கும் நேரம் பார்த்துத்தான் போனாள். அவன் வந்தான். அவளைப் பார்த்ததும் அந்தக் கண்களில் ஒரு வெளிச்சம் வந்தது நிஜம். திரையில் இருந்த விண்ணப்பத்தைப் பார்த்ததும் அது போனதும் நிஜம்.

"ஒங்களுக்கு மதுரைல சீட்டு கெடச்சிருக்குன்னு பேச்சிமுத்தண்ணே சொன்னாக..."

"விட்டுட்டேன். இங்கனயே படிக்கப் போறேன்."

"ஏன்?"

"வகுப்பு நல்லாத்தான இருக்கு. நீங்க படிக்கலையா?"

"எனக்கு வேற வழி இல்ல. ஜீப்ப நிறுத்துனா வீட்ல அடுப்பு எரியாது. அதான் நெட்ல படிக்கப் போறேன். அதுல எனக்குக் கேவலம் ஒண்ணுமில்ல, பெருமதான். ஒங்களுக்கு வழி தொறந்து கெடக்கு. நீங்க ஏன் நிக்கிறீக? நெசத்தச் சொல்லுங்க மாரீஸ்வரி... யாருக்காக?"

முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அதுவா இந்தக் கேள்வியோடு வர வேண்டும்? முகமெல்லாம் சூடாகிவிட்டது அவளுக்கு.

"ஒங்களுக்காகன்னு நெனப்பா? ரொம்பத்தான்!"

"அப்படி இல்லைன்னா சந்தோசம். அப்படி இருந்தா..." திரையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அது எனக்கு அவமானங்க. என்னைப் பாத்த பின்னாடி ஒரு புள்ளையோட படிப்பு சின்னதாச்சுன்னா, நான் என்ன ஆளு?"

விறுவிறுவென்று மழைக்குள் போய்விட்டான். பாதி நிரப்பிய விண்ணப்பம் திரையில் மின்னிக்கொண்டிருந்தது. எழுந்து போகவும் முடியாமல், நிரப்பவும் முடியாமல் அவள் அழுதாள். பேச்சிமுத்து அண்ணன் வாசல் பக்கம் திரும்பி மழையை அளந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர்.

'என்ன திமிர்! என் முடிவைக் கேட்க இவர் யார்?' என்று வீடு வரைக்கும் வைதுகொண்டே போனாள். வீட்டு வாசலில் வசவு தீர்ந்துவிட்டது. அவன் கேட்ட கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. யாருக்காக?

அந்தப் பேராசிரியரின் வகுப்பு உசத்திதான். அதில் சேருவது குறைச்சல் இல்லை. ஆனால் மாரீஸ்வரிக்கு வேண்டியது வேறு. தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் அறுபது பேர் இருக்கிற அறையில் உட்கார்ந்து, அவர்களை முந்திப் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து அவளுக்கு இருந்த ஆசை அது. அதை நாலு நாளில் மறைத்து வைத்தது அவள்தானே?

ஞாயிற்றுக்கிழமை அப்பா திராட்சைப் பந்தலுக்குக் கீழே மருந்து டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா... நெட் வகுப்புல குறை ஒண்ணும் இல்ல. இருந்தும் நான் மதுரைக்குப் போகணும். குறை இருக்குன்னு ஒங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

அழகர் கையைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். புடிக்கலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாக்குப்படி அவரே அனுப்பியிருப்பார். அந்த ஒரு வார்த்தையை இவள் சொல்லவில்லை. கண் கலங்கியதை மறைக்கத் துண்டை எடுத்து முகம் துடைத்தார்.

"எம்மக பொய் சொல்லிப் போகலடா... கேட்டுப் போறான்னு நாலு பேருகிட்டச் சொல்லுவேன் ஆத்தா. பெட்டிய எடுத்து வையி."

திங்கட்கிழமை காலை ஆறு மணி. சின்னமனூர் பஸ் ஸ்டாண்ட். அப்பா பெட்டியை மதுரை பஸ்ஸில் ஏற்றி இடம் பிடித்துக்கொண்டிருந்தார். சாலையின் அந்தப் பக்கம் ஒரு ஜீப்... அதில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், மடியில் தூக்குவாளிகளோடு. டிரைவர் இடத்தில் அவன். இவளைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

மாரீஸ்வரி சாலையைக் கடந்தாள். தலை நிமிர்ந்தே இருந்தது.

"நான் மதுரைக்குப் போறேன்."

"சந்தோசங்க..." இறங்கி நின்றான்.

"நீங்க சொன்னதுக்காகப் போகல. எனக்காகப் போறேன்."

"அதான் சரி."

"அன்னைக்கு யாருக்காகன்னு கேட்டீகள்ல? ஒங்களுக்காகத்தான். அன்னைக்குச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு. சீட்ட விட்டுட்டு வந்து சொன்னா அது ஒங்க தலையில பாரம். இப்ப நான் எதையும் விடல. ஒங்ககிட்ட எதையும் கேக்கவும் வரல. எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு விஜய்பாண்டி. இதச் சொல்ல எனக்கு இப்பப் பெருமையா இருக்கு. அதான் வந்தேன்."

ஜீப்பின் முன்சீட்டில் இருந்த மொக்கம்மாள் வெற்றிலை மெல்வதை மறந்து வாயைத் திறந்தபடி இருந்தாள்.

அவனுடைய அகலக் கண்கள் நிறைந்து தளும்பின... துடைக்கவே இல்லை. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற எண்ணம்கூட அவனுக்கு இல்லை.

"ஏலே, அந்தப் புள்ள நிக்குதுல்ல... வாயத் தொறந்து பதில் சொல்லுலே!" மொக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"எம்.சி.ஏ. எத்தன வருசம்?" என்றான் அவன். இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

"ரெண்டு."

"பி.காம் மூணுங்க. நேத்துச் சேந்துட்டேன்." கண்ணீரோடு சிரித்தான். "நீங்க படிச்சு முடிச்சு எண்ணி ஒரு வருசத்துல, நானும் படிச்சவனா ஒங்க அப்பா முன்னாடி வந்து நிப்பேன். தலை குனியாம கேப்பேன். அதுவரைக்கும்... எனக்கும் ஒங்களப் புடிச்சிருக்குங்க. அந்த மழையன்னைக்கே."

மதுரை பஸ் ஹாரன் அடித்தது. அழகர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஆத்தா, நேரமாச்சு!" என்றார். சாலைக்கு அந்தப் பக்கம் மகள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று அவரும் பார்த்தார்.

"வந்து கேளுங்க," என்றாள் மாரீஸ்வரி. "நானும் பக்கத்துல நிப்பேன்."