எறும்பு கடித்த மாதிரி

தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்த அந்தக் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையில் வேலைக்குச் சேரும் முதல் நாள், ஒவ்வொரு தொழிலாளிக்கும் இடது மணிக்கட்டில் பச்சை குத்துவார்கள். குத்தப்படும் மை நரம்போடு ஒட்டி வளரும். அதற்கு ‘உணர்மை’ என்று பெயர். கதவைத் திறப்பதும் வருகையைப் பதிவதும் அந்த முத்திரைதான். குத்துபவள் ரோஸ்லின். நிர்வாகம் எழுதிக் கொடுத்ததை நான்கு வருடங்களாக எல்லோரிடமும் ஒப்பித்து வந்தாள்: “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்.”

அன்று காலை வரிசையில் முதலாவதாக வந்து உட்கார்ந்தவள் வெல்டர் இசக்கியம்மாள். முழங்கை வரை தீப்பொறித் தழும்புகள்.

“எறும்புக் கதையெல்லாம் வேண்டாம்க்கா. நெசமா எப்படி இருக்கும்னு சொல்லுங்க.”

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேற்பார்வையாளர் பிரகலாதன் நின்றார். முந்தின நாள், ஐந்து நிமிடம் தாமதமாக வந்த ஒரு கர்ப்பிணி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்திருந்தாள். அவளுக்கும் எறும்புக் கதையைச் சொல்லிக் குத்தியவள் ரோஸ்லின்தான். அந்த அலறல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

“முதல்ல சுருக் சுருக்குன்னு இருக்கும். அஞ்சு நிமிஷத்துல எரிய ஆரம்பிக்கும். எலும்பு மேல வரும்போது பல்லு வரைக்கும் அதிரும். குத்தி முடிக்க அரை மணி நேரம் ஆகும்.”

“அரை மணி நேரந்தான? பல்லக் கடிச்சுக்கிடுதேன்.”

ரோஸ்லின் ஊசியைக் கீழே வைத்தாள். “குத்துற வலிய இந்த மை அப்படியே பதிஞ்சு வச்சுக்கிடும். லேட்டா வந்தா, எதுத்துப் பேசினா, ஒரு பட்டனைத் தட்டுவாங்க. இதே வலி திரும்ப வரும். அதுக்குத்தான் மரத்துப்போற மருந்து தர மாட்டாங்க. அதுக்குத்தான் எலும்பு மேலயே குத்தச் சொல்லுதாங்க.”

பிரகலாதன் உள்ளே வந்தார். கையிலிருந்த திரையில் விரலை வைத்து அழுத்தினார். ரோஸ்லினின் மணிக்கட்டில் இருந்த முத்திரை சிவந்தது. அவள் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். கடித்த உதட்டில் ரத்தம் கசிந்தது.

“பாத்துக்கோங்க! இதுதான் அது!” என்று வரிசையைப் பார்த்துக் கத்தினாள்.

இசக்கியம்மாள் எழுந்து பிரகலாதன் முன்னால் போய் நின்றாள். “ஒங்க கையக் காட்டுங்க சார்.”

“அது உனக்கு எதுக்கும்மா? வேலை வேணுமா, வேண்டாமா?”

அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். மழமழவென்ற தோல். ஒரு புள்ளிகூட இல்லை.

“எங்களுக்கு எறும்பு. ஒமக்கு அதுகூடக் கெடையாதோ?”

வரிசையில் இருந்த பதினேழு பேரில் பதினொரு பேர் அப்போதே வெளியேறினார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்தபடி நின்றார்கள். அவர்கள்மேல் ரோஸ்லினுக்குக் கோபம் வரவில்லை. நான்கு வருடம் ஊசி பிடித்த தன் வலது கையைத்தான் வெட்டி எறியலாம் போலிருந்தது.

இசக்கியம்மாள் அவளைத் தோளில் தாங்கி வெளிவாசலைத் தாண்டிக் கூட்டிப்போனாள். முத்திரை கனன்றுகொண்டே இருந்தது.

“எம்புட்டு தூரம் போனா நிக்கும்க்கா?”

“தூரம் கணக்கில்ல. அவனா பட்டனை அணைக்குற வரைக்கும் நிக்காது.”

“ஆஸ்பத்திரிக்குப் போவமா?”

“வேண்டாம். லேபர் கோர்ட்டுக்கு நட,” என்றாள் ரோஸ்லின். “எரியும்போதே ஜட்ஜ் பாக்கட்டும்.”