சங்கு ஊதினால் ஒன்று

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து சவக்கிடங்கு வாசலில் நின்றதன் பலன். சப்-இன்ஸ்பெக்டர் யேசுதாஸ் சுரங்க ஊரான கோரமண்டலின் போலீஸ் ஸ்டேஷன் நாற்காலியில் சரிந்தார்.

"உன் புருசனுக்கு இன்னாம்மா குடுத்த?"

வெங்கடம்மா சுவரோரம் குந்தியிருந்தாள். "மாத்திரதான் சார். வேற ஒண்ணும் தெரியாது."

அவள் புருஷன் தங்கவேலு சுரங்கத்தில் கல் துளைத்தவர். நெஞ்செல்லாம் கல்தூசி. விடியற்காலையில் பாயில் பிணமாகக் கிடந்தார். கண்ணும் தோலும் மஞ்சள். ஈரல் வெந்துபோயிருக்கிறது, விஷம்தான் என்றார் அறுத்துப் பார்த்த டாக்டர். கடைசியாக முகத்தைத் தொடப் போன வெங்கடம்மாவை, "தள்ளுடி கொலைகாரி" என்று இழுத்து ஜீப்பில் ஏற்றியவர் யேசுதாஸ்.

பக்கத்து வீட்டு ஷோபா சாட்சி சொன்னாள். "ராத்திரி தூங்கற மனுசன எழுப்பி, வாயத் தொறன்னு அதட்டுவா சார். நெதமும்."

எதிரே உதய். பெங்களூர் மருந்துக் கம்பெனி ஆள். தூசி நோய்க்கான புது மாத்திரையைப் பரிசோதனைக்காகச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கொடுத்தவன். பெட்டி மாதிரி விரியும் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான்.

"மருந்து உடம்புல என்ன பண்ணும்னு இந்த ப்ரோக்ராம் முன்னாடியே கணக்குப் போட்டுச் சொல்லிடும் சார். தங்கவேலு வயசு, எடை, தினம் ஒரு மாத்திரை, எல்லாம் போட்டிருக்கேன். பாருங்க, ஈரலுக்குப் பச்சை. ஒண்ணும் ஆகாது. இந்தம்மாதான் எதையோ கலந்திருக்காங்க."

"பாட்டில் காலியா இருக்குதே?"

"மாசத்துக்குன்னு குடுத்தேன் சார். பாதி மாசம்கூட ஆகல. கீழ கொட்டியிருப்பாங்க."

"கொட்டல சாமி!" வெங்கடம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வேளகூட வுடாம குட்தேன்!"

மதியம் இரண்டு மணி. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் ஷாஃப்ட் பக்கமிருந்து சங்கு ஊதியது.

வெங்கடம்மாவின் கை தானாக முந்தானை முடிச்சுக்குப் போனது. அவிழ்த்தாள். உள்ளே ஒரே ஒரு மாத்திரை. அதைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள்.

யேசுதாஸ் எழுந்துவிட்டார். "இப்ப இன்னாத்துக்கு அத எடுத்த?"

"சங்கு ஊதுச்சே சார். இவுருதானே சொன்னாரு, ஷிப்ட்டுக்கு ஒண்ணுன்னு."

யேசுதாஸ் உதய் பக்கம் திரும்பினார். "அப்பிடியா சொன்ன?"

"ஆமா சார். இங்க ஷிப்ட்னு சொன்னாத்தான் புரியும்னாங்க. ஒரு நாளுக்கு ஒரு ஷிப்ட்தானே? எங்க ஆபீஸ்ல..."

"உங்க ஆபீஸ் ராத்திரி மூடிடும்யா. சுரங்கம் மூடாது. இங்க மூணு ஷிப்ட், மூணு சங்கு. ராத்திரி சங்குக்குத்தான் அந்த ஆள எழுப்பியிருக்கா. மூணுன்னு போட்டுப் பாரு."

உதய் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தான். ஒன்றை அழித்து மூன்றைத் தட்டினான். ஈரல் என்ற கட்டம் ரத்தச் சிவப்பாக மாறியது. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருந்தது.

"கொன்னது அவ இல்ல. உன் வாய்தான்."

சொன்ன யேசுதாஸும் ஸ்கெலட்டன் லைனில் அதே சங்கு கேட்டு வளர்ந்தவர்தான். இவ்வளவு நேரம் அது அவருக்கே தோன்றவில்லை.

"இத வேற யாருக்கெல்லாம் சொன்ன?"

"லைன்ல... எல்லாருக்கும் சார்."

யேசுதாஸ் தொப்பியை எடுத்தார். சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. எத்தனை வீட்டில் இப்போது தண்ணீர்ச் சொம்பு நீள்கிறதோ.

"வண்டிய எடுய்யா!"

வாசலில் வெங்கடம்மாவின் குரல் அவரைப் பிடித்து நிறுத்தியது. "அப்போ... என் கையாலயா சார்?"

 ஓடினார்.

சாயங்காலத்துக்குள் வீடுவீடாக ஏறி எல்லா மாத்திரையையும் பிடுங்கிவிட்டார். இரண்டு பேருக்குக் கண் மஞ்சளாகியிருந்தது, பிழைத்துக்கொள்வார்கள் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். உதய் லாக்கப்பில் இருந்தான். ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது வெங்கடம்மா இல்லை. பிணத்தை வாங்கப் போயிருந்தாள்.

அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை யேசுதாஸ் இன்னும் கேட்கவில்லை.