ஐந்து நிமிடம் முந்தி வந்த குரல்

தொப்பூர் கணவாயின் அடிவாரத்தில் ஒரு லாரி ஆபீஸ் இருக்கிறது. அங்கே ஆள் வாயைத் திறப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே அவன் பேச்சு போனில் வந்து இறங்கிவிடும். கடிகாரம் வைத்துப் பார்த்தாயிற்று, ஒரு விநாடி கூடக் குறையாது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆபீஸை நடத்திய கோகிலவாணியும் அந்தத் திங்கட்கிழமை வரை சிரித்திருப்பாள்.

அன்று காலைதான் போன் கம்பி வேலை பார்க்கும் தமிழ்ச்செல்வன் ஆபீஸில் ஒரு புதுப் பெட்டியை மாட்டினார். இருபது வருடமாக இதே தொழில். அவர் வழுக்கையில் மின்விசிறியே முகம் பார்த்துக்கொள்ளும். போனுக்கு ஒன்று, இன்டர்நெட்டுக்கு ஒன்று என்று சுவரில் ஓடிய கம்பிகளைப் பிடுங்கி, இரண்டையும் சோற்று டப்பா அளவுள்ள ஒரே பெட்டிக்குள் விட்டார். இனி டிரைவர்கள் பேசுவதும், கம்ப்யூட்டர் வரைபடத்தில் லாரிகள் புள்ளி புள்ளியாக நகர்வதும் அதன் வழியேதான்.

கணவாய் இறங்கியதும் டிரைவர்கள் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது அந்த ஆபீஸ் வழக்கம். மதியம் ராஜாமணி கூப்பிட்டு, கீழே வந்துவிட்டதாகச் சொன்னான், இருமினான், வைத்தான். திரையில் அவனுடைய புள்ளி இன்னும் மேட்டிலேயே நின்றது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி மணி. அதே சொல். அதே இருமல். இப்போதுதான் புள்ளி கீழே வந்திருந்தது.

தமிழ்ச்செல்வனிடம் சொன்னாள். படம்தான் பிந்தி வருகிறது, இதற்கெல்லாமா பயப்படுவார்கள் என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனாலும் வியாழன் மதியம் வந்து பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

வெளியே கணவாய் இறங்கி வரும் லாரிகளின் தீய்ந்த பிரேக் நாற்றமும், உள்ளே சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் கலந்து தொண்டையில் ஒட்ட, பெட்டியின் பச்சை விளக்குகள் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே கோகிலவாணி கணவனின் புள்ளியில் கண் வைத்திருந்தாள். மாதவராஜ் பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றி வந்து, மேலே டீக்கடையில் நிறுத்தியிருந்தான். டீசல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்துச் சரிவில் உருட்டிவிடும் பழக்கம் அவனுக்கு உண்டு. இனி இல்லை என்று போன மாதம்தான் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

மணி அடித்தது.

எடுத்தாள். என்ஜின் சத்தம் இல்லை. காற்று மட்டும்.

"வாணி, என்ஜின அணைச்சுட்டு வுட்டேன். பிரேக்கு புடிக்கல வாணி."

புள்ளி டீக்கடையில்தான் நின்றது.

இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. கைபேசியில் அவனை அழைத்தாள். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது ஒரு பெண்குரல். மறுபடி. அதேதான். போனை வைத்துவிட்டு அழைத்தாள். வைத்த போனுக்குள்ளிருந்தும் அவன் குரல் வந்தது. அவன் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறான்? அவளோடுதான்.

"அண்ணா, அதப் புடுங்கியுடுங்க."

"பதறாதீங்கம்மா. படம் லேட்டு, அவ்வளவுதான்."

பிடுங்கினார். விளக்குகள் அணைந்தன. குரல் நிற்கவில்லை. புள்ளியும் மறையவில்லை.

பிறகு இரும்பு கிழியும் சத்தம். நீளமாக. அது ஓய்ந்ததும், எண்ண முடியாத உருண்டைகள் சரிவில் உருளும் சத்தம். மெத்தென்று. ஒவ்வொன்றாக.

"வாணி" என்று யாரும் கூப்பிடவில்லை.

திரையில், புள்ளி டீக்கடையை விட்டு நகர்ந்தது.

தமிழ்ச்செல்வன் கையில் அறுந்த பாம்புபோல் கம்பி தொங்கியது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நெசந்தாம்மா," என்றார். "எனக்கும் கேட்டுச்சு."