துட்டி வீட்டு ஃபிளாஷ்

ஃபிளாஷ் அணைந்த பிறகும் ஜாஸ்பினின் கண்ணுக்குள் கட்டில் இருந்தது, கட்டிலில் வெள்ளை கவுனோடு உறங்கும் குழந்தை இருந்தது. கட்டிலுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, யாரோ நின்றிருந்தார்கள்.

அவள் கண்ணைக் கசக்கினாள். பழைய பல்பு ஃபிளாஷ் அப்படித்தான். ஒரு நொடி வீட்டையே வெளுக்க வைத்துவிட்டு அணையும், பிறகு வெகுநேரம் இருட்டில் அதே காட்சி பச்சையாக மிதக்கும். ஆணியில் தொங்கும் புருஷன் எபினின் மழைக்கோட்டுதான் ஆள் மாதிரித் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டாள். அதைப் போட்டுக்கொண்டுதான் எபின் வெளியே போயிருக்கிறான் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

காலையில்தான் சபையில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். மத்தியானம் பிரியாணி, பாட்டு, சிரிப்பு. சாயங்காலம் மழை பிடித்ததும் மாமியாரும் சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வாடகைப் பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எபினும் பக்கத்து ஊர் கொட்டாரத்துக்குப் போனான். அவன் தலை மறைந்ததும் கரண்டு போனது. தலையில் தண்ணீர் பட்டதிலிருந்து பிள்ளைக்கு இளைப்பு. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்துப் பயமில்லை என்றார். ஆனாலும் மழைச் சத்தத்துக்கு அடியில் அந்தச் சின்ன மூச்சு, கர்ர் கர்ரென்று, வாசற்படியில் செருப்பை இழுப்பதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏழு வருஷம் உபவாசம் இருந்து பெற்ற பிள்ளை. இதை விட்டால் ஜாஸ்பினுக்கு வேறொன்றும் இல்லை.

கேமராவும் ஃபிளாஷும் அதே தெருவில் இருக்கிற யேசுதாசனிடம் வாங்கியவை. அவனுடைய அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர், போன வருஷம் இறந்துபோனார். வெள்ளித் தகடுகள் விசிறிபோல விரிந்து நடுவில் நெல்லிக்காய் அளவு பல்பைப் பிடித்துக்கொள்ளும் அந்த அழகில் ஜாஸ்பின் மயங்கிவிட்டாள். ஒரு பல்பு ஒரு தரம்தான் எரியும். டப்பாவில் மூன்றே மிச்சம் இருந்தன.

"இது துட்டி வீட்டுக்கு மட்டும் அப்பா கொண்டு போற ஃபிளாஷாக்கும். கல்யாண வீட்டுக்கு வேற வச்சிருந்தாரு," என்று யேசுதாசன் சொல்லியிருந்தான். "சும்மா அழகுக்கு வச்சுக்கோங்கக்கா. அடிக்காண்டாம்."

ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவளுக்குச் சாவு ஃபிளாஷ் என்ன, கல்யாண ஃபிளாஷ் என்ன என்று சிரித்துவிட்டாள். உறங்குகிற பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது என்று மத்தியானம் மாமியார் சொன்னதையும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருந்தாள்.

எரிந்த பல்பைத் துணியால் பிடித்துக் கழற்றினாள். கண்ணாடி கொப்புளித்து, கருகிய வார்னிஷ் வாடை அடித்தது. முதல் படம் ஆடியிருக்கும், இன்னொன்று எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். இரண்டாவது பல்பைச் செருகி, பிலிமை ஓட்டி, அழுத்தினாள்.

சட்டென்று ஒரு சத்தம். வெளிச்சம். இருட்டு.

கண்ணுக்குள் இப்போது ஐந்தாறு பேர் நின்றார்கள். பெண்கள் தலையில் சேலைத் தலைப்பைப் போட்டிருந்தார்கள். ஆண்கள் கைகளை முன்னால் கோத்திருந்தார்கள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி வரிசையாக நின்று, கேமராவை நேராகப் பார்த்தார்கள். இந்த வரிசையை அவளுக்குத் தெரியும். பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பமாக நின்று எடுக்கிற படம். அப்பாவின் அடக்க ஆல்பத்தில் அவளே அப்படி நின்றிருக்கிறாள். மிக நெருங்கிய ஆள் தலைமாட்டில் நிற்க வேண்டும்.

தலைமாடு காலியாக இருந்தது.

பழக்கத்தில் கை மூன்றாவது பல்பைச் செருகி, பிலிமையும் ஓட்டியிருந்தது. அதை உணர்ந்ததும் கேமராவை மேஜையில் வைத்துவிட்டு எபினைப் போனில் கூப்பிட்டாள்.

"இப்பம் எங்க நிக்கிய?"

"கொட்டாரத்துலதான். ரோட்டுல முட்டளவு வெள்ளம். என்னட்டி, குரலு ஒரு மாதிரி இருக்கு?"

"வீட்டுக்குள்ள ஆளு நிக்கு."

"ஆரு?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பேடிக்காத மக்கா. பிள்ளையத் தூக்கி மடியில வச்சுக்கோ. நான் இன்னா வந்து..."

போன் அணைந்தது. நாள் முழுக்க வீடியோ எடுத்ததில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

மழையும் நின்றுவிட்டது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு தவளையின் சத்தம் கேட்டது. அந்த கர்ர் கர்ர் மட்டும் கேட்கவில்லை.

நல்லா உறங்குகிறாள். மருந்து வேலை செய்கிறது. அவ்வளவுதான்.

சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஜெபிக்கும்போது எப்போதும் செய்வதுதான். கர்த்தாவே, கர்த்தாவே என்று முணுமுணுத்தபடி இருட்டில் கையை நீட்டி நடந்தாள். கட்டிலின் கால் தட்டுப்பட்டது. சட்டத்தைத் தடவிக்கொண்டே போனாள். பெட்டிக்குள் தெளிக்கிற யூடிகோலன் வாசம் வந்தது. வீட்டில் யூடிகோலன் கிடையாது.

சட்டம் முடிந்தது. தலைமாடு.

குனிந்து கவுனின் மேல் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. இடது தோளில் ஒரு தோள் உரசியது. வலது தோளிலும். இடம் விட்டு, நெருங்கி, ஒழுங்காக நின்றார்கள்.

மேஜைப் பக்கம் பிலிமை ஓட்டும் சத்தம் கேட்டது. ஏற்கெனவே ஓட்டியிருந்த பிலிம்.

நிமிர்ந்து பார்த்தாள்.

வெளிச்சம்.

இருட்டு.

கண்ணுக்குள் ஒரு கிழவர் நின்றார். கேமராவின் மேல் குனிந்திருந்தார். ஒரு கையைத் தூக்கியிருந்தார், யாரும் அசையக் கூடாது என்று.

யாரும் அசையவில்லை. அவள் கைக்குக் கீழே இருந்த நெஞ்சும் அசையவில்லை.