பிரேம் மட்டும்

நாங்கள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் மூன்று மணி. நல்ல வெயில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. பயம் இருட்டில்தான் வரும் என்று நினைத்து, விளக்கைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள்.

என் தம்பி பழைய படங்களுக்கு விலை சொல்கிறவன். எங்கள் அப்பாவுக்கும் அதே தொழில்தான். அவர் காலத்தில் படத்தில் எவ்வளவு தங்கப்பூச்சு இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு மூலையில் யார் கையெழுத்து என்று பார்த்தார்கள். இப்போது அது யார் யார் வீட்டில் தொங்கியது என்று ஒரு பட்டியல் கேட்கிறார்கள். என் தம்பி இது எதையும் கேட்கமாட்டான். படத்தைத் திருப்பி முதுகைப் பார்ப்பான். என்ன துணி, எந்தக் காலத்து ஆணி, கட்டை எப்படி வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

"முகம் பொய் சொல்லும் அக்கா. முதுகுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பான்.

வியாபாரிகள் நடுவில் அவனுக்கு முதுகுக்காரர் என்றே பெயர். அவன் சொல்வான்; நான் ஒரு வெள்ளைச் சீட்டில் எழுதிப் படத்தின் பின்னால் ஒட்டுவேன். அவன் அதிகம் சொன்ன வார்த்தை 'பிரேம் மட்டும்'. அதாவது படம் குப்பை, சுற்றியிருக்கிற மரச்சட்டத்தை மட்டும் கழற்றி விற்கலாம். அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ.

அன்று காலையில் கிளம்பும்போது அவனுடைய சாம்பல் நிறச் சட்டை தோளுக்குக் கீழே கிழிந்திருந்தது. கையில் கிடைத்த நீல நூலால் தைத்துக் கொடுத்தேன்.

"சாம்பல் சட்டைக்கு நீல நூலா? ஊரே பார்த்துச் சிரிக்கும்."

"அறுபத்து நாலு வயசுல உன் முதுகை யாருடா பார்க்கப் போறா? போட்டுக்கிட்டு வா."

அந்த வீட்டுக் கதவைத் திறந்தது எங்கள் வயதுக்கார அம்மா ஒருவர். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவர் கையில் துண்டோடு வந்தார்.

"பன்னெண்டு படம் இருக்கு. எல்லாம் மாடியில. வீட்டைக் காலி பண்றேன். நீங்களே வந்து பார்த்துச் சொல்லணும்னுதான் கடிதாசு போட்டேன்."

"வரைஞ்சது?"

"என் வீட்டுக்காரர். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. அப்பவே பூட்டின அறை." மாடிப்படியைக் கண்ணால் காட்டினார். "நான் மேல வரலை. நீங்க போங்க."

படி ஏறும்போதே வாசனை வந்தது. ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த வாசனை. படம் வரைகிற அறையில் அந்த வாசனை வராமல் வேறென்ன வரும் என்று கேட்பீர்கள். பதினோரு வருஷம் பூட்டிக் கிடந்த அறை, கண்ணுகளா. தூசி வாசனைதானே வர வேண்டும்?

ஜன்னல் ஒன்று, முக்காலி ஒன்று, சுவரோரமாகப் பன்னிரண்டு படங்கள். எல்லாமே சுவரைப் பார்த்தபடி.

"முதுகுக்காரர் வர்றார்னு தெரிஞ்சு அடுக்கி வச்ச மாதிரி இருக்கே" என்று தம்பி சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணியைப் பார்த்துவிட்டேன். நீலக் கோடு போட்ட படுக்கை விரிப்பு. அதன்மேல் மஞ்சளாகிப் போன ஒரு சீட்டு.

பிரேம் மட்டும்.

'ம்' எழுதும்போது நான் புள்ளி வைக்கமாட்டேன். சின்னதாக ஒரு வட்டம் போடுவேன். சீட்டில் இரண்டு வட்டங்கள் இருந்தன.

முப்பது வருஷத்துக்கு முன் ஒருவர் இந்தப் பன்னிரண்டையும் கைவண்டியில் தள்ளிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், நகமெல்லாம் சாயம். தம்பி முதல் படத்தின் முதுகைப் பார்த்தான். "விரிப்புல வரைஞ்சா மேல படுத்துக்கத்தான் முடியும், மாட்டி வைக்க முடியாது" என்றான். கடையே சிரித்தது. நானும்தான்.

"ஒரே ஒரு தடவை திருப்பிப் பாருங்க சார்" என்றார் அவர். தம்பி அடுத்த ஆளிடம் போய்விட்டான். அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது பாருங்கம்மா."

நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்துப் பன்னிரண்டு முதுகிலும் ஒட்டினேன். திருப்பிப் பார்க்கவில்லை.

"தம்பி, இது அவரு வீடுடா. வா, போயிடலாம்."

"அதனால என்ன? இப்பவாவது பார்த்துட்டுப் போவோம்" என்று முதல் படத்தைத் திருப்பினான்.

படத்தில் ஓர் ஆளின் முதுகு.

முக்காலியில் உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்க்கிற ஆள். பின்மண்டையில் வழுக்கை. தம்பி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

படத்தில் இருந்த சட்டை சாம்பல் நிறம். தோளுக்குக் கீழே ஒரு கிழிசல். அதை யாரோ நீல நூலால் தைத்திருந்தார்கள்.

நான் விரலால் தொட்டேன். சாயம் ஒட்டிக்கொண்டது.

ஈரம்.

"கீழ வாடா" என்றேன்.

அவன் காதில் விழவில்லை. இரண்டாவதைத் திருப்பினான், மூன்றாவதைத் திருப்பினான். அதே ஆள்தான். ஆனால் ஒவ்வொரு படத்திலும் தலை ஒரு மயிரிழை திரும்பியிருந்தது. ஐந்தாவதில் காது தெரிந்தது. எட்டாவதில் கன்னம். பதினொன்றில் மூக்கு நுனியும், ஈரமான ஒரு கண்ணின் ஓரமும்.

தம்பி தரையில் மண்டியிட்டிருந்தான். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

"அக்கா, இப்படி ஒரு கையை நான் பார்த்ததே இல்லை. தோல் மூச்சு விடுது பாரு. இதுக்கெல்லாம் விலையே கிடையாது. நாற்பது வருஷமா நான் என்னத்தைப் பார்த்தேன்?"

"பார்த்தது போதும். எழுந்திரு."

"கடைசி ஒண்ணுதான். அந்த முகத்தை மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்."

"அது உன் முகம்டா! கண்ணாடியில பாரு, வீட்டுல போய்!"

சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீல நூல் பிரிந்து என் விரலில் சுற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் என் கண் தற்செயலாக முதல் படத்தின்மேல் போனது.

அதிலும் தையல் பிரிந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் என் கையை உதறிவிட்டுப் பன்னிரண்டாவதைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனான். ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தான். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. படத்தைத் திருப்பினான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. விறைத்த துணியில் ஈரத் தூரிகை உரசுகிற சத்தம்.

சரக். சரக்.

அவசரமே இல்லாத கை. நடுவில் தூரிகையைத் துடைக்கிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு கடைசியாக ஒரு கோடு.

நின்றுவிட்டது.

"தம்பி?"

மூச்சு மட்டும் வந்தது. நான் பக்கவாட்டில் சுற்றி ஜன்னலோரம் போய், அவனுக்கு எதிரே நின்று பார்த்தேன்.

முதுகு.

தலை சுற்றுகிறது, எனக்குத்தான் வழி தப்பிவிட்டது என்று நினைத்தேன். சுவரைத் தடவிக்கொண்டு மறுபக்கமாக வந்தேன்.

முதுகு. வழுக்கை, சாம்பல் சட்டை, பிரிந்த தையல்.

முகம் படத்தில் இருந்தது. முழுசாக, நேராக, என்னைப் பார்த்து. உதட்டில் சாயம் காயவில்லை. அந்த உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை என்றாலும், அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியாதா? பேச்சு வந்த நாளிலிருந்து அவன் என்னைக் கூப்பிட்ட வார்த்தை.

எப்படிக் கீழே வந்தேன் என்று தெரியாது. ஒரு கையில் தம்பியின் கை, மறு கையில் அந்தப் படம். அந்த அம்மா இன்னும் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"திருப்பிப் பார்த்தாரா?"

நான் படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"அப்போ அந்தப் பன்னெண்டுலயும் என் முகம் இருந்ததும்மா. உங்க கடையிலேர்ந்து வந்ததும் எல்லாத்தையும் அழிச்சுட்டார். அழிச்சு அழிச்சு வரைஞ்சார். போனப்புறமும் நிறுத்தலை." மடித்த துண்டை அடுக்கின்மேல் வைத்தார். "ராத்திரி பகல்னு இல்லாம அந்தச் சத்தம். இனிமேலாவது நான் தூங்குவேன்."

"என் தம்பியைச் சரி பண்ணிக் கொடுங்கம்மா. உங்க காலைப் பிடிக்கறேன்."

"அவர்கிட்ட நானும் ரொம்பக் கேட்டுப் பார்த்தேன்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இது நடந்து நாலு மாசம் ஆகிறது. தம்பி என் வீட்டில், என் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். வருகிறவர்கள், அவன் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறான் என்று நினைக்கிறார்கள். டாக்டர் ஒருவர் அவனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பையைத் திறக்காமலே போய்விட்டார். தட்டில் சோறு வைத்துவிட்டு நான் கண்ணை மூடிக்கொள்வேன். கண் திறந்தால் தட்டு காலியாக இருக்கும். அவன் தோளைத் தடவிக் கொடுப்பேன். வேறு எந்த இடத்தைத் தொட்டால் அவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

படத்தை எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அவன் முகம் எனக்கு அங்கேதான் இருக்கிறது. அதனோடுதான் பேசுகிறேன். ஆனால் மாட்டிய நாளில் என்னை நேராகப் பார்த்தது, இப்போது பார்ப்பதில்லை. தினமும் ஒரு மயிரிழை திரும்புகிறது. போன வாரம் ஒரு கண் போனது. இன்று காலையில் கன்னமும் காதும்தான் மிச்சம்.

இனி எத்தனை நாள் என்று நான் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்று கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் என்னை நிறுத்தினாள்.

"என்னக்கா இது, முதுகுல என்னமோ சீட்டு ஒட்டிக்கிட்டு வர்றீங்க? நில்லுங்க, எடுக்கறேன்."

எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வெள்ளைச் சீட்டு. என் கையெழுத்து. 'ம்' மேல் புள்ளி இல்லை, இரண்டு சின்ன வட்டங்கள்.

பசை இன்னும் காயவில்லை.