இருபத்தோரு நாள் ஊசி

போன் அலறியது!

காலை ஒன்பது மணி. பொம்மனஹள்ளி அபார்ட்மென்டின் முதல் மாடி. பத்தரைக்கு மகள் வைஷ்ணவிக்கு நிச்சயதார்த்தம்.

அசோசியேஷன் பிரசிடென்ட் கோதண்டராமன், கஞ்சி போட்ட வேட்டியைவிட விறைப்பாக நின்று போனை எடுத்தார்.

"உன் மாப்பிள்ளை கவின் பென்சிலின் ஊசி போட்டுக்கிறான்... தெரியுமா?" கரகரத்த குரல்.

"அதனால என்னய்யா? தொண்டை வலிக்கு நானே அமாக்சிசிலின் முழுங்கியிருக்கேன்!"

"பென்சிலின்ல பல வகை இருக்குய்யா! கட்டி, சீழுக்கு க்ளாக்சசிலின். ஐசியூ கேஸுக்கு பிப்பராசிலின். ஆனா அவனுக்கு பென்சாதைன்! சிஃபிலிஸ்ங்கிற பால்வினை நோய்க்குப் போடற மருந்து!"

கோதண்டராமனுக்கு வியர்த்தது.

"பத்து மணிக்குள்ள பிரசிடென்ட் பதவியை ராஜினாமா பண்ணு. இல்லேன்னா சபையில மைக் பிடிச்சுச் சொல்வேன்!"

போன் செத்தது.

மூன்று தலைமுறையாகத் தலைகுனியாத குடும்பம்...!

அவர் பதறிக் கூப்பிட, பக்கத்து வீட்டு போலீஸ் இன்ஸ்பெக்டர் யசோதா பட்டுப்புடவையோடு ஓடி வந்தார். நம்பரைப் பார்த்தார்.

"கூப்பிட்டா எடுக்க மாட்டான் சார். காசு அனுப்பினா வேண்டாம்னு சொல்ல மாட்டான்!"

போனிலேயே அந்த நம்பருக்கு ஒரு ரூபாய் அனுப்பினார்.

ஜன்னலுக்கு நேர் கீழே, பணம் வந்தால் அறிவிக்கும் மெடிக்கல் ஷாப்பின் ஸ்பீக்கர் கன்னடத்தில் கணீரென்று கத்தியது.

"ஒந்து ரூபாயி பந்திதே!"

கடைக்காரர் அனந்தபத்மநாபன்! போன மாத அசோசியேஷன் தேர்தலில் இரண்டே ஓட்டில் தோற்றவர்!

காலரைப் பிடித்து மாடிக்கு இழுத்து வந்தார் யசோதா. "குரலை மாத்தினீரே... நம்பரை மாத்தலையே?"

"நான் சொன்னது பொய்யில்லை மேடம்! நேத்து என் கடையிலதான் வாங்கினான்!"

நிச்சயத்துக்கு முன்னதாகவே வந்திருந்த கவின் முன்னால் வந்தான்.

"வாங்கினேன் மாமா. எட்டு வயசுல தொண்டைப் புண்ணு. கவனிக்காம விட்டதுல ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைத் தொட்டிருச்சு. மறுபடி வராம இருக்க, இருபத்தோரு நாளைக்கு ஒரு ஊசி."

"முதல் நாளே எங்கிட்ட சொல்லிட்டார்ப்பா," என்றாள் வைஷ்ணவி.

"கதை விடறான்! மருந்து அதேதான்!" அனந்தபத்மநாபன் துள்ளினார்.

கோதண்டராமன் சிங்கமானார்.

"யோவ்! மெடிக்கல் ஷாப் வச்சிருக்க, இது தெரியாதா? வருஷக்கணக்கா இருபத்தோரு நாளைக்கு ஒண்ணுன்னா அது இதயத்துக்கு! அந்த வியாதின்னா வாரம் ஒண்ணு, மூணே வாரம், தீர்ந்துது! இடுப்புல ஏத்தினா ரெண்டு நாளைக்கு உட்கார முடியாது! பார்க்கிற நர்ஸெல்லாம் சிரிப்பாளுங்க!"



மனைவி ரத்தினம்மாள் ஆரத்தித் தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"ஏங்க... வைஷ்ணவி எல்கேஜி படிக்கறப்ப, ஆபீஸ் டூர்னு கோவா போயிட்டு வந்து... மூலம்னு சொல்லி மூணு வாரம் குப்புறப் படுத்திருந்தீங்களே?"

"ர... ரத்தினம்..."

"நிச்சயதார்த்தம் நடக்கட்டும். மாப்பிள்ளை தங்கம்."

யசோதா அனந்தபத்மநாபனின் காலரை விட்டார்.

"அம்மா, பத்தரைக்கு நிச்சயம். பன்னண்டுக்கு உங்க விசாரணை. லத்தி வேணும்னா ஸ்டேஷன்லேர்ந்து அனுப்பறேன்!"